மசூது பெயரில் சுட்ட ரொட்டி

“கீழே எட்டுக் கரி, மேலே பதினாறு. மறந்துராத. கீழே கூடிப்போச்சுன்னா அடி தீஞ்சிரும். மேலே குறைஞ்சா வெளுத்துக் கிடக்கும்.”

போர்வைக்குள்ளிருந்து மசூது இதை மூன்றாம் முறையாகச் சொன்னான். பல் தந்தியடிக்க, வார்த்தை துண்டுதுண்டாக வந்தது. அவன் மனைவி ஜாஹிரா பீவி பக்கத்தில் உட்கார்ந்து, உடுத்திக்கொண்டு கிளம்ப வேண்டிய வெள்ளைத் துப்பட்டியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

“கால் மணிக்கு ஒருக்கா மூடியைத் திருப்பி வையி. பாதியிலே ஒருதரம் திறந்து பாத்துக்கோ.”

“சரி.”

“தேங்காச் சிரட்டைக் கரிதான் போடணும். விறகுக் கரி வேண்டாம்.”

“சரிங்கேன்லா. கண்ணை மூடிப் படுங்க.”

வாய்தான் சரி சரி என்றது. மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை. ஏன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன் மக்களே. ஒளித்துவைத்து உங்களையும் தவிக்கவிடுவானேன்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், ஆனி மாதம். தென்காசிக்காரனான மசூதுக்கு, மலை அளக்க வந்த துரை ஒருவரின் கூடாரத்தில் சமையல் வேலை. துரை மலை ஏறினால் இறங்க நாலு மாதம் ஆகும். அவருக்கு ரொட்டி இல்லாமல் ஒருவேளை கழியாது. காட்டுக்குள் ரொட்டிக்கடைக்கு எங்கே போவது? அதற்காகவே கூடாரத்தில் ஒரு மூணுகால் சட்டி வைத்திருந்தார்கள். கனத்த வார்ப்பிரும்பு. அடியில் மூன்று குட்டைக் கால். மூடியைச் சுற்றி ஒரு விரல் உயரத்துக்கு விளிம்பு. கால்களுக்கு நடுவே கனல் தள்ளி, மூடியின் மேலும் கனலை அள்ளி வைத்தால், விளிம்பு அதை விழாமல் பிடித்துக்கொள்ளும். வெட்டவெளியில், ஏதோ ஒரு மரத்தடியில், அந்தச் சட்டியே ரொட்டி அடுப்பாகிவிடும். ஆனால் அந்தக் கனலை ஆளத் தெரிய வேண்டும். கூடாரத்தில் அது தெரிந்தவன் மசூது ஒருவன்தான்.

அந்த மலையோ அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. மூன்று வருஷம் ஏறினான், மூன்று வருஷமும் காய்ச்சலோடு இறங்கினான். ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கி எறியும். கண் மஞ்சளடித்துப்போயிற்று. இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்படும். போன வருஷம் அவன் அக்காள் சைதூன் பீவியின் புருஷன் பரீதும் தண்ணீர் சுமக்கும் வேலைக்குக் கூடப் போனான். பரீது இறங்கி வரவில்லை. மேலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

இந்த ஆனியில் மசூது மலை ஏறுவதற்கு முன்னாலேயே பழைய காய்ச்சல் திரும்பிவிட்டது. கூடாரமோ குற்றாலத்தில் வந்து இறங்கி, வெள்ளிக்கிழமை காலை மலை ஏறத் தயாராக நின்றது. வியாழக்கிழமைக்குள் ரொட்டி சுடுகிறவன் வந்து சேராவிட்டால், வேலை கேட்டுக் காத்திருந்த செங்கோட்டைக்காரன் ஒருவனை எடுத்துக்கொள்வதாகத் துரை சொல்லிவிட்டார். கூடாரத்து பட்லர் பலவேசத்துக்கு மசூதுமேல் பிரியம். புதன்கிழமை அவரே வண்டி பிடித்துத் தென்காசிக்கு வந்து, வாசலில் நின்று ஒரு வழி சொன்னார்.

“நாளைக்கு ரொட்டி மேசைக்குப் போயிட்டாப் போதும். மசூது வந்துட்டாம்னு நான் சொல்லிக்கிடுதேன். திங்கக்கிழமை சாமான் கழுதையோட இவன் மெல்ல ஏறி வரட்டும். மேலே கூடாரம் அடிச்சு முடியுத மட்டும் பிஸ்கோத்தை வச்சு ஒப்பேத்திருவேன். மாவு நான் பிசைஞ்சிருவேன். அந்தக் கனல்தான் எனக்கு வசப்பட மாட்டேங்கு. இவன் வீட்டுக்காரி வந்து பாத்துக்கிட்டாலும் சரிதான். தம் போட்டுப் பழகின கைதானே?”

மசூது உடனே மனைவியைப் பார்த்து, “போயிட்டு வா” என்றான். இந்த வேலை போனால் அவனுக்கு வீட்டுத் தறிதான் கதி. தறிக்குழி அவனுக்கு ஆகாது. “குழிக்குள்ள காலைத் தொங்கப்போட்டு உக்காருததுக்கு நான் என்ன அடக்கம் பண்ண வச்ச மய்யித்தா?” என்பான். மலையில் அவன் ஒரு ஆள். துரை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

ஆக, ரொட்டி நன்றாக வந்தால் புருஷன் மலை ஏறுவான். கெட்டுப்போனால் வீட்டில் இருப்பான். அந்த ரொட்டியைச் சுடப் போகிறவள் ஜாஹிரா. அவள் துப்பட்டியை ஏன் அத்தனை தடவை மடித்துப் பிரித்தாள் என்று இப்போது தெரிகிறதல்லவா?

துணைக்கு சைதூன் பீவி வந்தாள். மூன்று மைல் மாட்டுவண்டிப் பயணம். தென்காசியில் வெயில், பாதி வழியில் காற்று, குற்றாலம் நெருங்க நெருங்க முகத்தில் ஊசி ஊசியாகச் சாரல். ஜாஹிரா வண்டிக்குள் நாலு தடவை இடம் மாறி உட்கார்ந்தாள்.

“ஏட்டி, மாட்டுக்குக்கூட இவ்வளவு அவசரம் இல்ல. சும்மா இரி” என்றாள் சைதூன்.

தோப்பில் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முளைகளைப் பிடுங்குகிறவன், கயிறு சுற்றுகிறவன், பெட்டி தூக்குகிறவன் என்று ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தார்கள். பாதி அவிழ்ந்த கூடாரத் துணி காற்றில் படபடவென்று அடித்தது. அருவி இரைச்சலுக்கு மேல் பேச வேண்டியிருந்ததால் எல்லோருமே சண்டை போடுவதுபோல இருந்தது. மரத்துக்கு மரம் குரங்குகள் தாவி, பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தன.

பலவேசம் ஓலைத் தடுப்பு ஒன்றின் பின்னால் அடுப்புக்கு இடம் ஒதுக்கியிருந்தார். மாவு ஒரு தாம்பாளத்தில் துணி மூடிப் பொங்கியிருந்தது. சைதூன் மூக்கைச் சுளித்தாள்.

“என்ன அண்ணாச்சி, கள்ளு வாடை அடிக்கி?”

“கள்ளு ஊத்தாம ரொட்டி பொங்குமா தாயி?”

“அப்ப எந் தம்பி மூணு வருசமா கள்ளுலயா கைய வச்சிக்கிட்டுக் கிடந்தான்?”

“அய்யய்ய, அவன் தொடவே மாட்டான். ஊத்துததும் பிசையுததும் சட்டியில போடுததும் நான். கனல் மட்டுந்தான் அவன். சுட்ட ரொட்டியை ஒருநா வாயில வச்சிப் பாத்ததில்லையே! நிறத்தைப் பாப்பான், விரலால தட்டிக் கேப்பான். அதுலயே சொல்லிருவான், வெந்துச்சா இல்லையான்னு.”

ஜாஹிரா இதைக் கேட்டுக்கொண்டே சிரட்டைகளை உடைத்துத் தீயில் போட்டாள். மூன்று வருஷம் சுட்டவன் ஒரு விள்ளல்கூடத் தின்றதில்லை. அவளிடம் அவன் இதைச் சொன்னதே இல்லை.

சிரட்டைகள் பிடித்து எரிந்து, சாம்பல் பூத்த கனலாயின. பலவேசம் சட்டிக்கு எண்ணெய் தடவி மாவை உள்ளே இறக்கினார். “இனி உன் பாடு தாயி” என்று சொல்லிவிட்டு, பீங்கான் பெட்டியைத் தலைகீழாகத் தூக்கிய ஒருவனை வைதுகொண்டே ஓடினார்.

ஜாஹிரா குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அவளுக்குத் திங்கட்கிழமை நினைப்பு வந்துவிட்டது. கழுதைகளுக்குப் பின்னால் மசூது போர்வையைப் போர்த்திக்கொண்டு ஏறுகிறான். வளைவில் ஒருமுறை உட்காருகிறான். எழுந்திருக்கிறான். மறுபடி உட்காருகிறான். இதை அவள் பார்த்துக்கொண்டிருக்கையில் கைகள் தம் பழக்கத்துக்கு வேலை செய்தன. தூவுவதற்கென்று தட்டில் வைத்திருந்த வெறும் மாவில் ஒரு பிடி எடுத்து, தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கயிறுபோல் நீளமாக உருட்டி, சட்டியின் வாயைச் சுற்றி ஒட்டி, மேலே மூடியை வைத்து அழுத்தின. வீட்டில் பிரியாணிக்குத் தம் போடும்போது ஆவி வெளியேறாமல் அப்படித்தான் அடைப்பாள். கீழே எட்டு, மேலே பதினாறு என்று கரியை அடுக்கி நிமிர்ந்த பிறகுதான், ‘பாதியிலே திறந்து பாத்துக்கோ’ என்று மசூது சொன்னது காதில் கேட்டது.

“மைனி, கெட்டுது காரியம்.”

“என்னட்டி?”

“வாயை அடைச்சிட்டேன்.”

சைதூன் குனிந்து பார்த்தாள். மாவு அதற்குள் ஓரம் காயத் தொடங்கியிருந்தது. அந்த நேரம் பார்த்துப் பலவேசமும் திரும்பி வந்தார்.

“அதென்ன வெள்ளையா, சட்டிக்குக் கழுத்துச் சங்கிலி? அட பாவி மகளே! ரொட்டிக்கு யாராவது தம் போடுவாகளா? உள்ள வெந்துச்சா வேகலையான்னு எப்படிப் பாக்க? உங்க மைனியா உள்ள போயி பாத்துட்டு வருவாக?”

“நான் எதுக்கு? நீங்க போயிட்டு வாங்க அண்ணாச்சி. உங்க உடம்புதான் சட்டிக்குள்ள கொள்ளும்” என்றாள் சைதூன். பலவேசம் அப்படி ஒரு ஒல்லி.

“இப்ப உடைச்சிரலாமா?” என்று கேட்டார் அவர்.

“உடைச்சா உள்ள இருக்க ஆவி போயிரும். பொங்குதது அமுங்கிரும். இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்” என்றாள் ஜாஹிரா. எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பலவேசம் தலையில் அடித்துக்கொண்டு போனார். இனி மூடியைத் திருப்ப வழியில்லை. அவள் சட்டியின் பிடிவளையத்தில் ஒரு கம்பை நுழைத்து அதையே திருப்பினாள். சிரட்டைக் கரிக்கு ஆயுசு குறைவு. மேலே இரண்டு வெளுத்துப்போனால் ஓடிப்போய்ப் பக்கத்துத் தீயிலிருந்து இரண்டு எடுத்து வர வேண்டும். அதற்குள் கீழே ஒன்று அணையும். ஓடினாள், உட்கார்ந்தாள், மறுபடி ஓடினாள். நடுவில் குரங்கு ஒன்று இறங்கி வந்து மாவுத் தட்டைத் தட்டிவிட்டு, மூஞ்சியெல்லாம் மாவோடு மரமேறிக்கொண்டது. அதைத் துரத்தவும் அவளுக்கு நேரமில்லை.

அரை மணி ஆகியிருக்கும். மலைப்பக்கமிருந்து வெள்ளைத் திரை இழுத்தாற்போலச் சாரல் இறங்கியது. கனல்மேல் துளி விழுந்து சுர்ரென்றது. சைதூன் அங்கே கிடந்த ஓலைப்பாயை எடுத்து இரண்டு கைகளாலும் சட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். காற்று பாயைப் பிடுங்கப் பார்த்தது. பாய்க்குக் கீழே தலையோடு தலை ஒட்டி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏட்டி ஜாஹிரா.”

“சொல்லுங்க மைனி.”

“கை வலிக்குதுன்னு பாயை விட்டுரட்டா?”

ஜாஹிரா நிமிர்ந்தாள். சைதூன் அவளைப் பார்க்கவில்லை, சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிசம் போதும். அத்தனையும் அணைஞ்சிரும். சாரல் அடிச்சா யாரு என்ன செய்ய முடியும்? உன் மேலயும் குத்தம் இல்ல, என் மேலயும் இல்ல. எந் தம்பி வீட்டுல கிடப்பான். போன வருசம் நான் தடுத்து ஒரு வார்த்தை சொல்லாம எங்க வீட்டு ஆளை அனுப்பினேன். என்னத்துக்குச் சொல்லலைன்னு இன்னிக்கும் தெரியலை.”

ஜாஹிராவின் தொண்டைவரை வந்துவிட்டது, விட்டுருங்க என்று. சாரல் பாயின் ஓரத்தில் கோடுகோடாக வடிந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லத்தானே காலையிலிருந்து மனசு அலைந்தது? ஆனால் அந்த நேரத்தில் பெட்டி தூக்குகிறவர்களில் ஒருவன் போகிறபோக்கில், “என்னா, மசூது ரொட்டி ஆயிட்டா?” என்று குரல் கொடுத்துவிட்டுப் போனான்.

மசூது ரொட்டி. அவன் வராவிட்டாலும் அது அவன் ரொட்டிதான்.

“விட்டுராதிய மைனி” என்றாள் ஜாஹிரா.

“ஏன்?”

“கெட்டா, சாரல்ல கெட்டுதுன்னா சொல்லுவாக? மசூதுக்குக் கை போயிட்டும்பாக. காய்ச்சல்காரனுக்கு இனிமே என்ன வரும்பாக. அவுக பேருக்கு அந்தச் சொல்லு வேண்டாம்.”

“அப்ப மலைக்கு அனுப்பப் போறியா?”

ஜாஹிரா அணைந்த நாலு கரியை எடுத்தெறிந்துவிட்டு, துப்பட்டியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு நனைந்தபடியே புதுக் கனல் எடுக்க ஓடினாள். சைதூன் பாயை இன்னும் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தாள்.

திறந்து பார்க்க வழியில்லாததால் ஜாஹிராவுக்கு மூக்குதான் துணை. முதலில் ஈர மாவு வாசம் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. அந்த ஒன்றுமில்லாத நேரம் போகவே மாட்டேன் என்றது. இரண்டு தடவை சட்டியைச் சுற்றி வந்தாள். சட்டி வாயை அடைத்த மாவை நகத்தால் தட்டினாள், ஓட்டாஞ்சில்லு மாதிரி சத்தம் கேட்டது. அப்புறம் எங்கோ ஒரு விரிசல் வழியாக, கருகலுக்குச் சற்று முன்னால் வருமே, அந்த இனிப்பு வாசம் வந்தது.

“போதும். எடுத்திருவோம்” என்றாள். மேலிருந்த கனலை வழித்துத் தள்ளினாள்.

மூடி வரவில்லை. மாவு கல்லாக இறுகியிருந்தது. பலவேசம் கூடார முளை அடிக்கும் கொட்டாப்புளியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சட்டி உடைஞ்சா நான் துரைகிட்ட என்ன சொல்ல?”

“மெல்லத் தட்டுங்க அண்ணாச்சி, பிள்ளைய முதுகுல தட்டுத மாதிரி.”

சுற்றிச் சுற்றித் தட்டினார். மாவு சில்லுசில்லாகத் தெறித்தது. ஜாஹிரா பிஸ்மில்லா சொல்லி மூடியை நெம்பினாள். ஆவி குபீரென்று கிளம்பி மூவரின் முகத்தையும் மறைத்தது. விலகியதும் பார்த்தார்கள். கருப்பட்டி நிறத்தில், மேலே ஒரு வெடிப்போடு, சட்டி நிறைய உப்பி உட்கார்ந்திருந்தது ரொட்டி. பலவேசம் துணியோடு அதைத் தூக்கிக் கவிழ்த்து அடியில் தட்டினார். தவில் தட்டினாற்போல டங்கென்றது.

“அடைச்சதுதான் நல்லதாப் போச்சோ என்னமோ! மசூதே இப்படிச் சுட்டதில்ல தாயி!” என்று சொல்லிவிட்டு, தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு துரையின் கூடாரத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

திரும்பி வந்தபோது பல் தெரியச் சிரித்தார். “முடிஞ்சிட்டு. துரை ருசிச்சுத் தின்னுட்டுத் தலையை ஆட்டிட்டார். செங்கோட்டைக்காரனைப் போகச் சொல்லுன்னுட்டார். திங்கக்கிழமை காலையில கழுதை கிளம்புது. மசூதை வரச் சொல்லு.”

“அவுக வரமாட்டாக அண்ணாச்சி.”

பலவேசத்துக்குச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. “என்னது?”

“ரொட்டி கேட்டிய, சுட்டுத் தந்துட்டேன். ஆளைத் தரமாட்டேன். அந்தச் செங்கோட்டைக்காரரைப் போக விட்டுராதிய.”

“பின்ன எதுக்கு இவ்வளவு பாடுபட்ட? ரொட்டியத் தீய விட்டிருந்தா நானே புரிஞ்சிக்கிட்டிருப்பேனே?”

“அவுக கை கெட்டுப்போச்சுன்னு யாரும் சொல்லக்கூடாதுல்லா?”

“மசூதுகிட்டக் கேட்டியா?”

“கேட்டா போறேம்பாக.”

பலவேசம் கொட்டாப்புளியைக் கையில் வைத்து உருட்டினார். சைதூன் துப்பட்டிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு அவர் தணிந்த குரலில் சொன்னார்:

“பரீதுக்குக் குழி வெட்டினதுல நானும் ஒரு ஆளு. பாறை. ஆழமா வெட்ட முடியலை.” கொட்டாப்புளியைக் கீழே போட்டார். “சரி, காய்ச்சல் திரும்பிட்டுன்னு நான் சொல்லிக்கிடுதேன். ஆனா மசூதுகிட்ட நீதான் சொல்லணும். என் தலையில போட்டுராத. அவன் மூஞ்சியில முழிக்க என்னால ஆகாது.”

திரும்பும் வழியெல்லாம் சைதூன் யோசனை சொல்லிக்கொண்டே வந்தாள். “சாரல்ல கனல் அணைஞ்சி ரொட்டி கெட்டுட்டுன்னு சொல்லிருவோம். அவன் என்ன, வந்தா பாக்கப் போறான்? ரெண்டு நா வருத்தப்படுவான், மூணாம் நா மறந்துருவான். உண்மையச் சொன்னா உன்ன ஆயுசுக்கும் விடமாட்டான்.” ஜாஹிரா கேட்டுக்கொண்டாள். அந்தப் பொய் சின்னதாக, கைக்கு அடக்கமாக இருந்தது. அவன் கோபம் சாரலின் மேல் போய்விடும், அவள்மேல் வராது. தென்காசிக் கோபுரம் தெரிகிறவரை அந்தப் பொய்யை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டில் மசூது எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வேர்வை விட்டிருந்தது. காலடிச் சத்தம் கேட்டதும், “என்ன நிறம்?” என்றான். வந்தாயா, சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

சைதூன் வாயைத் திறந்தாள். அதற்குள் ஜாஹிரா சொல்லிவிட்டாள்:

“கருப்பட்டி நிறம்.”

“தட்டிப் பாத்தியளா?”

“டங்குன்னுச்சு.”

அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வந்தது. மஞ்சள் கண்ணிலும் வந்தது. பொய் சொல்லியிருந்தால் அந்த முகத்தை அவள் பார்த்திருக்க முடியாது, மக்களே. பார்த்ததால்தான் அடுத்ததைச் சொல்வது அவ்வளவு கஷ்டமாகவும் இருந்தது.

“அப்ப எடம் நமக்குத்தான்.”

“நமக்குத்தான் இருந்துச்சு. நான் வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் போர்வையை உதறினான்.

“என்னக் கேக்காமயா?”

“கேட்டா போயிருவிய.”

“போவேன்தான்.”

“அதான் கேக்கலை.”

கையில் அகப்பட்ட தம்ளரைத் தூக்கி எறிந்தான். அது அவள்மேல் படவில்லை, கதவில் பட்டு உருண்டது. அதோடு பலம் தீர்ந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை பேசவில்லை. சனிக்கிழமை குளிர் வந்தபோது அவள் போர்த்திய போர்வையைக் காலால் தள்ளினான், பிறகு தானே இழுத்துக்கொண்டான். அன்றும் பேச்சில்லை. காய்ச்சலுக்குக் கொடுத்த கசப்புக் கொயினாவை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொண்டான். மறுநாள் கழுதை கிளம்புமே என்று ஞாயிற்றுக்கிழமை அவள் நடைக்கும் அடுக்களைக்குமாக நடந்து நடந்து கால் ஓய்ந்துபோனாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் மசூது எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டான். ஜாஹிரா வழியை மறிக்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே, அவன் வாசலைத் தாண்டுவதையும் தெருவில் இறங்குவதையும் கேட்டாள். நாலைந்து வீடு தாண்டியிருப்பான். அப்புறம் காலடிச் சத்தம் நின்றது. வெகுநேரம் நின்றது. அவள் கையிலிருந்த அகப்பை கஞ்சிப் பானைக்குள் அப்படியே நின்றது. பிறகு சத்தம் மறுபடி கேட்டது. சுவரைப் பிடித்துப் பிடித்து, வந்த வழியே திரும்பி வந்தது.

உள்ளே வந்து, சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்தான். மூச்சு இரைத்தது. அவள் கஞ்சியைக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு எட்டி நின்றாள். ஒரு வாய் குடித்தான். நாலு நாளைக்குப் பிறகு அப்போதுதான் வாய் திறந்தான்.

“உப்பு இல்ல.”

உப்பு போட்டுத்தான் இருந்தது. கொயினா தின்ற நாக்குக்கு அது தெரியவில்லை. அவள் ஓடிப்போய் இன்னும் நாலு கல் உப்பு எடுத்து வந்து, அவன் பார்க்கும்படி போட்டுக் கலக்கினாள்.